முழுகாத வாளி

பினாங்கு, 1944 மாசி, வியாழக்கிழமை.

சயாம் ரயில் பாதை வேலையிலிருந்து தப்பி வந்த ஒருவர் இன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தார். போன வருஷம் ஜப்பான்காரன் அங்கே பிடித்துப் போன என் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். வந்தவர் கண்ணால் பார்க்கவில்லை. கூட இருந்தவன் சொன்னானாம்.

பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்தாள்.

"எழுந்திரு தங்கச்சி. சாவுச் சேதி கேட்டா தலை முழுகணும்."

"தண்ணி ஏதுக்கா? பைப்பு மூணு நாளா வரல. இருக்கிற அரை வாளி பாப்பாவுக்குக் கஞ்சி வைக்கவே பத்தாது."

பொய்யில்லை. குண்டு விழுந்ததிலிருந்து எங்கள் ஜெலுத்தோங் பக்கம் குழாய் நினைத்தால்தான் வரும். ஆனால் முழுகிவிட்டால் அவர் செத்தது நிஜமாகிவிடும். தண்ணீர் இல்லையே என்று இன்றைக்குத்தான் முதல் தடவையாக நிம்மதிப்பட்டேன்.

சாயங்காலம் அக்கா திரும்பி வந்தாள். எந்தக் கிணற்றில் போய் நின்றாளோ, சேலையெல்லாம் ஈரம். நிறைந்த வாளி ஒன்றைக் குளியலறையில் இறக்கிவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பாப்பா குவளையோடு ஓடினாள். "அதைத் தொடாதே!" என்று கத்திவிட்டேன். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

"இந்தத் தண்ணி அப்பா வந்து குளிக்கிறதுக்காம்மா?"

ஆமாம் என்றேன்.