பக்கத்தில் விட்ட இடம்

1953 ஆகஸ்ட், வெள்ளி இரவு. இராயபுரம்.

கப்பல் கிரேக்கத் துறைமுகத்தில் நின்றபோது ஏதென்ஸ் நகரம் பார்க்கப் போனேன். குன்றின் மேல் பளிங்குத் தூண்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நின்றேன். ஊருக்குப் போய் என் மனைவி மேரியை எப்படியாவது ஒரு படம் எடுத்து அங்கே சேர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நான் வருவதற்குள் அவளைப் புதைத்துவிட்டார்கள். காமிரா என்றாலே ஓடுகிறவள். இனி மறுக்கமாட்டாள் என்று, அடக்கத்துக்கு முன் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். அது ஒன்றுதான் அவள் படம்.

இன்று கல்மண்டபம் ஸ்டூடியோக்காரரிடம் இரண்டு படங்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தரச்சொல்லிக் கொடுத்தேன்.

"அம்மா கண்ண மூடிகினு கீதே நைனா. தொறந்தா மாதிரி வரைஞ்சிடட்டா?"

வேண்டாம் என்றேன். அந்தப் பளிங்கில் அப்படி ஒரு வெயில். அவளுக்குக் கண் கூசியிருக்கும்.