ஏரிக்கரையில் வாசித்த சாவு மெட்டு

மாசி 12, செவ்வாய்

மாணிக்கம் மாஸ்டர் படுத்த படுக்கையா கெடக்குறாரு. அவர் ட்ரம்பெட்டுக்குன்னே எளாவூர் வரைக்கும் எங்க பேண்டு செட்டைக் கூப்பிடுவாங்க. நாளைக்கு அனுப்பம்பட்டுல ஒரு சாவு, அவர் எடத்துல நான் வாசிக்கணும். சாவு மெட்டை ஊருக்குள்ள பழகக்கூடாதுன்னு சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனேன். இருபது வருஷமா அவர் பக்கத்துல நின்னும் வராதது, இன்னிக்கு அப்படியே அவர் மாதிரி வந்துச்சு.

தண்ணியில கையால எறா தடவிப் புடிச்சிக்கிட்டிருந்த பொம்பளைங்க நிமிர்ந்து பார்த்தாங்க. மாஸ்டர் பொண்டாட்டி கன்னிம்மா அக்கா, "ஐயோ, போயிட்டாரா"ன்னு கத்தி, கூடையை விட்டுட்டு சேத்துல விழுந்து எழுந்து ஓடுச்சு. நானும் பின்னாடியே ஓடினேன்.

மாஸ்டர் முழிச்சிக்கிட்டுதான் இருந்தாரு. அக்கா அவர் காலைப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு. அவர் என்னைப் பார்த்தாரு.

"நல்லாத்தான் வாசிச்ச. கடைசியில இன்னாடா அவசரம்? எனக்கு வாசிக்கும்போது நிதானமா முடி."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணை விட்டுப் போவல. அவர் வீட்டாண்ட ஏதாவது சத்தம் கேக்குதான்னு காதை வச்சிக்கிட்டே எழுதுறேன். ஆனா என் எடது கைவிரலு நோட்டு மேல அந்த மெட்டோட கடைசி வரியையே அழுத்திக்கிட்டிருக்கு, நிதானமா.