படகில் பிரித்த அல்வா

செப்டம்பர் 14, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மச்சான் துபாய்க்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு நாளாவது எங்கேயாவது போவோம் என்று நான்தான் நச்சரித்தேன். எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ் ஏறிக் கன்னியாகுமரி போனோம். வெயிலில் வரிசையில் நின்று, பாறைக்குப் போகும் படகில் இடம் பிடித்தோம்.

படகு நகர்ந்ததும் அவர் பையிலிருந்து அல்வாப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அடுத்த வீட்டு மைமூன் மாமி, துபாயில் இருக்கும் மகனுக்காக நேற்றுக் கொடுத்துவிட்டது.

"இது மாமி மவனுக்குல்லா?" என்றேன்.

"கொண்டு குடுக்க நான் அங்க போணும்லா. வேலை போயிட்டு, புள்ள. லீவுன்னு பொய் சொல்லிட்டுத்தான் வந்தேன்." ஒரு துண்டை என் கையில் வைத்தார். "தின்னு."

தின்றேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. லைஃப் ஜாக்கெட் கழுத்தை உரசியது மட்டும் தெரிந்தது. பாறையில் இறங்கி, எல்லோரையும் போலப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

வீடு திரும்பியதும் மாமி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அல்வாவப் பெட்டில வச்சாச்சாம்மா?"

"வச்சாச்சு மாமி."

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். விரலில் நெய் வாடை இன்னும் போகவில்லை.