மாடிப்படி விழாத போட்டோ

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலையும் என் மூச்சையும் கழித்துவிட்டால் இங்கே எல்லாம் சுகம்தான். அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் கழிக்க ஒன்றும் இருக்கக் கூடாது. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் இந்தக் கோழிக் கிறுக்கல், பொறுமையாகப் படி.

வீட்டை விற்க வேண்டாம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன்மேல் கோபமில்லை. புரோக்கர் அனுப்பின போட்டோவைப் பார்த்தால் நானே விற்க மாட்டேன். அவன் கேமராவில் தவளைக் கண் மாதிரி பிதுங்கின ஒரு லென்ஸ், அதை வைத்துக்கொண்டு மூலையில் பல்லியாய் ஒட்டி நின்று எடுத்தான். ஒருவர் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய நம் சமையலறையில் சைக்கிள் விடலாம் போலிருக்கிறது. ஓரத்தில் எது மாட்டினாலும் அந்த லென்ஸ் இழுத்துவிடுமாம். நான் மாட்டினேன், என் தொப்பை அடுத்த அறைவரை போயிருக்கிறது, அந்தப் படத்தில் பாதியாவது உண்மை என்றால் அது ஒன்றுதான். அதே சமையலறையில் இடுப்பை இடித்துக்கொண்டே வளர்ந்த நீயே 'எவ்ளோ பெரிய வீடுப்பா' என்றால் வெளியாளைக் கேட்கவா வேண்டும். வருகிறவர்கள் மூன்று மாடி ஏறி, வாசலில் நின்று, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். போன வாரம் வந்த ஒரு வாத்தியார் 'மீதி வீடு எங்க சார்?' என்றார். 'கேமராவுக்குள்ள இருக்கு சார்' என்றேன். சிரித்தார், போனவர் போனவர்தான். ஒவ்வொருத்தரையும் கூட்டிவர இறங்கி ஏறி இறங்கி ஏறி என் கால் இப்போது என்னுடையதே இல்லை.

அதைவிடப் பெரிய தலைவலி உன் அம்மா. நீ சொன்னதையும் அந்தப் போட்டோவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு 'இவ்ளோ பெரிய வீட்ட வித்துட்டு எந்தப் பொந்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க' என்கிறாள். பொந்து என்பது நான் பார்த்து வைத்திருக்கும் கீழ்த்தள வீடு. அதைப் புரோக்கர் லென்ஸில் காட்டினால் நம்ப மாட்டாளே என்று, பெரிய புத்திசாலி மாதிரி, என் போனிலேயே எடுத்துவந்தேன். மாப்பிள்ளை பழசு என்று எனக்குத் தள்ளிவிட்ட போன், கொஞ்சம் வெளிச்சம் குறைந்தால் அதற்கு மாலைக்கண். நல்ல கூடம் குகையாக விழுந்திருக்கிறது, எறும்பு மொய்த்த மாதிரி படம் முழுக்கப் புள்ளி. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'நீங்களே பாருங்க' என்கிறாள். ஒரு கேமரா பழைய வீட்டை ஊதிவிட்டது, இன்னொன்று புது வீட்டில் விளக்கை அணைத்துவிட்டது, நடுவில் நான். டாக்டரோ அவள் படி ஏறவே கூடாது என்கிறார். அவரைப் பார்க்கப் போவதைத் தவிர அவள் கீழே இறங்கி வருஷமாகப் போகிறது. ஜன்னலில் நின்று தெருவில் போகும் காய்கறி வண்டியோடு கத்திப் பேரம் பேசிக் கயிற்றில் பையை இறக்குகிறாள். மேலே வந்து சேர்ந்தால் பாதி தக்காளி நசுங்கியிருக்கிறது.

நேற்று டாக்டரிடம் போகும் நாள், நான் புரோக்கரையும் பிடித்துவந்தேன். நாற்காலியில் அவளை உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கிச் சுவரில் சாய்ந்தவன், 'இந்தப் படிய ஒரு போட்டோகூட எடுக்கலியே சார்' என்றான். 'எடுத்திருந்தா ஒருத்தன் வருவானாடா' என்றாள் அம்மா, ராணி மாதிரி உட்கார்ந்தபடி. திரும்பும்போது வண்டியைக் கீழ்த்தள வீட்டு வாசலில் நிறுத்தினேன். 'ஏமாத்தித்தான கூட்டிட்டு வந்தீங்க' என்று முகத்தைத் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தாள், கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். குழாய் ஒழுகுகிறதா என்று நானும் புரோக்கரும் பின்னால் போய்த் திரும்பினால் ஆளைக் காணோம். அறை அறையாகத் தேடினோம். வாசலுக்கு ஓடிவந்தால், எதிர்ப்பக்கம் நின்ற காய்கறி வண்டியில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, தக்காளியை ஒவ்வொன்றாய்ப் புரட்டி அமுக்கிப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் தூக்கவில்லை, யாரும் பிடிக்கவில்லை. தானே போயிருக்கிறாள்.

வீடு திரும்பியதும் பழைய பாட்டுத்தான், 'குட்டி வேணாம்னு சொல்லிட்டாளே' என்கிறாள். என் பேச்சு இந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அந்த 'வேணாம்' என்ற வார்த்தையை நீயே திருப்பி வாங்கிக்கொள்ளம்மா, மறந்துவிடாதே. அந்தக் கீழ்த்தள வீட்டு வாசலில் நின்று நான் எடுத்த படத்தைப் பெரிதாகப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் மங்கலாய்ப் பச்சையாக ஒன்று தெரிகிறதே, அதுதான் அம்மா. போனைத் திட்டாதே, அது என் கை ஆடினது.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
மூன்று மாடி ஏறி வந்து இதை எழுதும்
உன் அப்பா