லாரியைத் தொட்டபோது

மரக்காணம்,
செவ்வாய் காலை.

என் அன்புக் கணவருக்கு, ஸ்டெல்லா எழுதுவது. உங்கள் முதுகு வலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம். போன் உப்புத் தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது, அதனால்தான் கடிதம்.

அது விழுந்த கதையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். நேற்று உப்பு ஏற்ற வந்த லாரியை, நாங்கள் வேலை செய்யும் உப்பளத்தின் மேலே போகும் பெரிய மின்கம்பிகளுக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தார்கள். தலையில் கூடையும் ஈரக்காலுமாகப் போய், பிடிமானத்துக்கு லாரியின் இரும்பைப் பிடித்தேன். சுரீரென்று தோள்வரை ஏறியது. கூடையோடு விழுந்துவிட்டேன். இடுப்பில் செருகியிருந்த போன் பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் போய் விழுந்தது.

மேஸ்திரி சார்லஸ் நம்பவில்லை. "கம்பி எங்கியோ மேல போவுது. லாரில எப்டிம்மா கரண்ட் வரும்?" என்று தானும் தொட்டார். கையை உதறிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் அலட்டிக்கொள்ளவில்லை. "பெரிய லைனுக்கு நேர் கீழ நின்னா, தொடாமலே வண்டியில கரண்டு ஏறும். டயரு ரப்பருங்க. கரண்டு எறங்க வழியில்லாம வண்டியிலயே நிக்குது. ஈரக்கால்ல தொட்டா ஆள் வழியா எறங்கும். அதான் நான் எப்பவும் குதிச்சே எறங்குவேன்" என்றார்.

தெரிந்தும் அவர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அதிர்ச்சிதான் இன்னும் போகவில்லை. உப்புச் சுமக்கும் நாங்கள் எட்டுப் பெண்களும் கூடையைக் கீழே வைத்துவிட்டோம். லாரியை வெகுதூரம் தள்ளி நிறுத்திய பிறகுதான் எடுத்தோம்.

இப்போது தண்ணீர்க் குடத்தைத் தொடவும் கை தயங்குகிறது. என் ரப்பர் செருப்பை அனுப்புங்கள். கூடவே பாப்பாவின் சட்டை ஒன்றையும் வையுங்கள். துவைக்க வேண்டாம்.

இதைத் தபாலில் போட, என்னோடு உப்புச் சுமக்கும் மரியசெல்வி கிளம்பிவிட்டாள், கூப்பிடுகிறாள்.

உங்கள்
ஸ்டெல்லா