இரவு ஷிப்ட்காரரின் காலை மாத்திரை

பாய், வரிகள் மேலும் கீழுமாக ஓடுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எழுபது வயதைத் தாண்டி, போன வருடம்தான் மாலை வகுப்பில் பேனா பிடித்த கை. ஒரு வரி முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. ஆனாலும் இதை இன்னொருவரை விட்டு எழுதச் சொல்ல மனம் வரவில்லை. சேதி அப்படிப்பட்டது!

என் முன்னால் ஒரு மாத்திரைச் சீட்டு கிடக்கிறது. மந்தாரக்குப்பத்தில் நாம் போவோமே, அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இன்று கொடுத்தது. காலை, மதியம், இரவு என்ற பழைய கட்டங்களுக்கு மேலே புதிதாக ஒரு வரி: ‘இந்த வாரம் எந்த ஷிப்ட்?’ வாசித்ததும் உங்களைத்தான் தேடினேன்.

நாம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த காலம். உங்களுக்குச் சர்க்கரை என்று சொல்லி, ‘காலை சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள் படித்தவர், எழுதியபடியே செய்தீர்கள். இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லி வேகும்வரை என்று கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டீர்கள். அலுத்து வந்தவரை எழுப்புவானேன் என்று உங்கள் வீட்டம்மாவும் விட்டுவிட்டார். பத்து மணிக்கு எழுப்பினால், சர்க்கரை அடியோடு இறங்கி நினைவே இல்லை. அவரும் நானும் உங்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

நீங்கள் கண் விழித்ததும் அப்போதிருந்த டாக்டர் திட்டினார். “மாத்திரை போட்டா சாப்பிடணும்னு தெரியாதா? வீட்ல சாப்பாடு போடறதில்லையா?” வீட்டம்மா தலை குனிந்துகொண்டார். வெளியே வந்துதான் என்னிடம் சொன்னீர்கள்: “அவுங்களுக்குக் காலைங்கறது எனக்கு ராத்திரிப்பா. அத ஏன் யாரும் கேக்கல?”

உள்ளே நின்றபோது நானும் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு இரவு ஷிப்ட் வாரங்களில் மாத்திரையைத் தொடவே பயந்தீர்கள். சில வருடங்களில் சிறுநீரகம் போயிற்று, நீங்களும் போனீர்கள். மாத்திரை ஒழுங்காகப் போடாத ஆள் என்ற பேர் மட்டும் நின்றது. “நான்தான் அன்னிக்கு எழுப்பாம வுட்டுட்டேன்” என்று வீட்டம்மா இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்.

போன மாதம், புதிதாக வந்த டாக்டரம்மா நோயாளிகளை உட்காரவைத்து, “இங்க உங்களுக்கு எது சரிப்பட்டு வரலைன்னு சொல்லுங்க. நாங்க கத்துக்கறோம்” என்றார். டாக்டர் நம்மிடம் கற்றுக்கொள்வதா, பாய்! எனக்குத் தலைகால் புரியவில்லை. நர்ஸ் பெண் தாளோடு வந்தாள்.

“தாத்தா, நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.”

“வேணாம்மா. எங்க பாய் கதைய நானே எழுதிக்கினு இருக்கேன் பாரு.”

எல்லோரும் டீ குடித்து முடித்தார்கள்.

“இன்னுமா தாத்தா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“இரும்மா, பாய் இன்னும் ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்கே வந்து சேரல.”

அவள் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தாளை வாங்கித் தனக்குள் ஒருமுறையும் எல்லோருக்கும் கேட்க ஒருமுறையும் படித்தார். பின்வரிசையிலிருந்து, கன்வேயர் பெல்ட்டில் வேலை செய்கிற ஒருவர் எழுந்தார். “நானும் அப்பிடித்தாங்க. நைட் ஷிப்ட் வாரத்துல மாத்திரையே போடறதில்ல. திட்டுவீங்கன்னு சொல்லல.” இன்னும் இரண்டு பேர் கை தூக்கினார்கள். டாக்டரம்மா என்னிடம், “உங்க சிநேகிதர் மேல தப்பே இல்லீங்க. கேக்காதது எங்க தப்பு” என்றார்.

தப்பே இல்லை, பாய்! எல்லோர் முன்னாலும் சொன்னார்!

இப்போது, தூங்கி எழுந்து முதலில் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டுத்தான் மாத்திரை நேரம் எழுதுகிறார்கள். அன்று மூடியிருந்த வாயை நானும் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும், “எந்த ஷிப்ட் நீ? எப்ப துன்ன?” என்று ஆரம்பித்துவிடுகிறேன். “பெருசு, ஆள வுடு” என்கிறார்கள். விடுவேனா?

வீட்டம்மா வடலூரில் மகள் வீட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை வருகிறார். டாக்டரம்மா சொன்னதைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ‘எழுப்பாதவர் மீதும் தப்பில்லை’ என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுவேன். அவர் முகம் எப்படி மாறியது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன், பாய்.