நர்சம்மா பேசறேன்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

முட்டி வலியைத் தவிர மற்றபடி சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். உன் அக்கா இருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் அடித்தாலே எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. காரணம் நீ இந்த ஊருக்குச் செய்துகொடுத்த ஏற்பாடுதான்.

ஏற்பாட்டில் குறை சொல்லவில்லை. யாராவது கேட்டால் நான் இப்படித்தான் விளக்குகிறேன்: ஒரு டம்ளர் பழச்சாற்றில் இரண்டு பேர் குழல் போட்டு உறிஞ்சுகிறார்கள். ஒருவன் முரடன். மற்றவனுக்கு என்ன மிஞ்சும்? இரண்டு தெருக் கிணறுகளுக்கும் அடியில் ஊற்று ஒன்றுதான்; எங்கள் மேட்டுத்தெரு முரடன், சரிவுத்தெரு நோஞ்சான். கிணற்றுக்குள் நீ இறக்கிய கருவி தண்ணீர் மட்டத்தைப் பார்க்கிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. போதும் என்கிற நேரத்தில் வீடு வீடாகப் போனில் கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்கிறது. படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு பட்டன் போன் இருந்தால் போதும். எல்லாம் சரி. ஆனால் கூப்பிடுவது உன் அக்காவின் குரல்.

"நர்சம்மா பேசறேன். போதும், மோட்டாரை நிறுத்துங்க. அடுத்த தெருவுலயும் புள்ளைங்க இருக்கு."

அவள் மழைக்காலத்தில் போய்விட்டாள். கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது? அழைப்பு ஒவ்வொரு வீடாகத்தான் போகும் என்றாயே, அதன்படி தினமும் விடிந்ததும் தெருக்கோடி வீட்டில் தொடங்குகிறாள். பிறகு அடுத்த வீடு. ஊசி போட வருவாளே, அதே வரிசை, அதே அதட்டல். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் ஸ்பீக்கரில் அவள் பேசி முடித்ததும் என் மேஜையில் போன் அடிக்கும். நான் எடுப்பதில்லை.

குரலை மட்டும் மாற்றிவிடு, தம்பி.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. இங்கே அலுவலகத்தில் அது ஓர் ஒலிப்பதிவு, அவ்வளவுதான். அங்கே உங்களுக்கு அது என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. மன்னித்துவிடுங்கள்.

பதிவு செய்த அன்று நினைவிருக்கிறதா? உங்கள் முன்னறையில்தான். "ஒரு தடவைதான் பேசுவேன். மறுபடி பேசுன்னா உனக்கு ஊசி போட்டுடுவேன்டா" என்று மிரட்டினாள். அவள் பேசி முடிக்கவும் சமையலறையிலிருந்து நீங்கள், "டீ ஆறுது!" என்றீர்கள். "இதோ வரேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அது அப்படியே ஊர் முழுக்கப் போய்விட்டது.

அடுத்த வாரத்திலிருந்து வேறு குரல் வரும். கம்ப்யூட்டரே செய்யும் குரல், யாருடையதும் இல்லை.

சாப்பிட்டீர்களா என்றால் 'ம்' என்று எழுதுவீர்கள். அதனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள்
தம்பி


மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

ரொட்டி, முட்டை. போதுமா?

புதுக் குரல் வந்து சேர்ந்தது. தேன் ஒழுகப் பேசுகிறது. "தயவுசெய்து மின்மோட்டாரை அணைக்கவும்" என்கிறது. யாரும் அணைப்பதாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மாவிடம் கேட்டேன். "யாரு பெத்த பொண்ணோ, நல்லாத்தான் பேசுது சார். இன்னும் ரெண்டு குடம் பிடிச்சா அது கோவிச்சுக்கவா போகுது?" என்றாள்.

சரிவுத்தெருக் கிணற்றில் இப்போது சேறுதான் வருகிறது. நேற்று அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் உன் அக்கா பிரசவம் பார்த்த குழந்தை, மறுகையில் காலிக் குடம். "நர்சம்மாவை ஏன் சார் நிறுத்தினீங்க?" என்றாள்.

"அவங்க போயிட்டாங்கம்மா."

"அது தெரியும் சார். போன்ல இருந்தாங்கல்ல?"

அவள் குடத்தை நானே வாங்கி நம் வீட்டுக் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். ஒரு குடத்தால் தெரு பிழைக்குமா?

பள்ளியில் நான் எங்காவது போக நேர்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போவேன். கண்ணாடி இருக்கும்வரை வகுப்பு மூச்சுவிடாது. எந்த நேரமும் நான் வந்துவிடுவேன் என்று அதற்குப் பொருள். உன் அக்காவின் குரல் இந்த ஊருக்கு அப்படி இருந்திருக்கிறது. வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நிறுத்தினார்கள்.

காலை இப்போது அமைதியாக இருக்கிறது. நான் நன்றாகத் தூங்க வேண்டும். ஆனால் அந்த நேரத்துக்குச் சரியாக விழித்து, தெருக்கோடியிலிருந்து ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

என்ன செய்யலாம், சொல்.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 27

அன்புள்ள அத்தானுக்கு,

அலுவலகத்தில் ஒரு வழி சொல்கிறார்கள். அக்காவின் பழைய பதிவிலிருந்து கம்ப்யூட்டர் அவள் குரலைக் கற்றுக்கொள்ளுமாம். பிறகு அவள் புதிது புதிதாகப் பேசுவாள். அங்கே தோண்டப்போகும் புதுக் கிணற்றைப் பற்றி, பரவுகிற காய்ச்சலைப் பற்றி, எதைப் பற்றியும். தண்ணீருக்குத் திண்டாடும் வேறு ஏழை நாடுகளுக்கும் அவரவர் மொழியில் அவளையே பேசவைக்கலாமாம். கணவரின் சம்மதம் வேண்டும்.

மாதிரிக்கு ஒன்று செய்து போட்டுக்காட்டினார்கள். "தம்பி, நல்லா இருக்கியா?" என்றாள். அக்கா என்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை, அத்தான். 'டேய்'தான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். அழைப்பு முடிந்ததும் மக்கள் சொல்கிற புகார்கள் பதிவாகி எனக்கு வரும். மோட்டார் ஓடவில்லை, குழாய் உடைந்தது, இப்படி. பழைய குரல் இருந்தவரை உங்கள் எண்ணிலிருந்தும் தினமும் ஒரு பதில் வந்திருக்கிறது. முதல் வார்த்தையிலேயே உங்கள் குரல் என்று தெரிந்தது. நிறுத்திவிட்டேன். மேலே கேட்கவில்லை, சத்தியமாக.

சம்மதமா இல்லையா என்று எழுதுங்கள். நீங்கள் எது சொன்னாலும் சரி.

உங்கள்
தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

நன்றாக அகப்பட்டுக்கொண்டேன். எடுப்பதில்லை என்று எழுதியது பொய்.

எடுப்பேன். மேஜையில் இரண்டு டம்ளர் டீ இருக்கும். எப்போதோ நான் கத்தியது எனக்கே கேட்கும்: டீ ஆறுது. அவள், "இதோ வரேன்" என்பாள். "சரி, மெதுவா வா" என்பேன். நீ கேட்காமல் விட்டது அவ்வளவுதான். பிறகு டீ ஆறும்வரை உட்கார்ந்திருப்பேன். போகப்போக வாசலில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது, தம்பி. ஒருநாள் எழுந்துபோய்க் கதவையும் திறந்தேன். அன்றுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

இப்போது என் முடிவு. ஊருக்குப் பழைய பதிவையே திரும்பப் போட்டுவிடு. என் பயத்துக்காக ஒரு தெரு சேற்றைக் குடிக்கக் கூடாது. ஆனால் அவள் சொல்லாததை அவளைச் சொல்லவைக்க எனக்குச் சம்மதம் இல்லை. இதை உன் அலுவலகத்துக்கு அப்படியே எழுதிக்கொடு. மற்ற நாடுகளுக்குக் கருவியை அனுப்பு, கம்ப்யூட்டரை அனுப்பு. அதட்டுகிற ஆள் அந்தந்த ஊரிலேயே இருப்பாள். ஊரே பயப்படுகிற, ஊருக்கே பிரியமான ஒருத்தி. தேடினால் கிடைப்பாள்.

எங்கள் புதுக் கிணற்றுக்குத் தையல்கார அம்மா பேசுகிறேன் என்றிருக்கிறாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஒத்திகை பார்க்கிறாள்: "நிறுத்துறீங்களா, இல்ல நான் கத்திரியோட வரவா?"

என் எண்ணை மட்டும் எடுத்துவிடு. சுவர் வழியாகக் கேட்டு மோட்டாரை நிறுத்திக்கொள்கிறேன். தெருக்கோடியிலிருந்து வரட்டும். நம் வீட்டுக்கு முன்னால் நின்றுவிடட்டும்.

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 19

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். போன திங்கட்கிழமையிலிருந்து பழைய பதிவுதான் போகிறது. சரிவுத்தெருக் கிணற்றில் மட்டம் மெல்ல ஏறுவது இங்கே திரையில் தெரிகிறது. தையல்கார அம்மாவின் பதிவைக் கேட்டு எங்கள் மேலதிகாரியே எழுந்துபோய் விளக்கை அணைத்தார். உங்கள் எண் இப்போது பட்டியலில் இல்லை.

அழைப்பு வருகிற எண்ணுக்கு யாரும் திருப்பிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் மணி மட்டும் அடித்து ஓய்ந்துவிடும். நேற்றுக் காலை ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். வெகுநேரம் மணி அடித்திருக்கிறது. இன்றும் அதே எண்.

யார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

நாளையிலிருந்து அந்த ஓர் எண்ணிலிருந்து மணி அடித்தால் மட்டும் அக்கா எடுப்பாள். அதன் பிறகு அங்கே பேசுவது எதுவும் எங்கும் பதிவாகாது. என் கையாலேயே அதைத் துண்டித்துவிட்டேன்.

டீயைச் சூடாகக் குடியுங்கள், அத்தான்.

உங்கள்
தம்பி